முகம் திருப்புதல்

லிஃப்டுக்கு இருபது தெத்ரி.
நாணயம் விழுந்தால்தான் அதற்கு உயிர் வரும்,
ஒன்பது மாடியும்
முக்கி முனகி இறங்கும்.
நாத்சாராவின் அடிவயிற்றுக்கு
இந்தக் கணக்கு தெரியாது.

கிள்தானி பேருந்து நிறுத்தத்தில்
பனியோடு பனியாய்க் கிடந்தவள்.
காதில் மஞ்சள் வில்லை, நகராட்சி போட்ட கம்மல்.
சாம்பல் நிறம், அதனால் நாத்சாரா.
ஐந்து வருடம் திபிலிசி முழுக்கத்
தன் இஷ்டத்துக்குப் பெய்து திரிந்தவளிடம்
இந்தக் கதவுக்கு இப்புறம் கூடாது,
அப்புறம் கூடும் என்பதை
எந்த மொழியில் சொல்வது?

முதல் வாரம்
சமையலறை, நடை, என் ஒற்றைச் செருப்பு.
வினிகர் ஊற்றித் துடைத்தேன்.
செய்தித்தாள் விரித்தேன்.
அதைச் சுற்றி வந்து
விளிம்புக்கு ஒரு சாண் தள்ளிப் பெய்தாள்,
அச்செழுத்தின் மேல் என்ன மரியாதையோ.

பல் கட்டும் பட்டறையில் எனக்கு வேலை.
பிளாஸ்டர் இறுகும்வரை கை வைக்காதே என்று
புதிதாக வருபவர்களை அதட்டுபவள் நான்.
பதினோராம் இரவு
வெறுங்கால் குளிர்ந்த ஈரத்தில் பட்டபோது
அந்த மக்வாலாவைக் காணவில்லை.
கத்தினேன்.
கீழ்வீட்டில் யாரோ வெந்நீர்க் குழாயைத் தட்டினார்கள்.
அவள் வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு
துணி துவைக்கும் எந்திரத்துக்குப் பின்னால் போனாள்.

கற்றுக்கொள்ளத்தான் செய்தாள்.
வீட்டுக்குள் கூடாது என்பதை அல்ல,
இவள் கண்ணெதிரே கூடாது என்பதை.

பிறகு முற்றத்தில்
கயிற்றின் இந்த முனையில் நான்,
அந்த முனையில் அவள், நாற்பது நிமிடம்.
மல்பெரி மரத்தை முகர்வாள்.
என்னைப் பார்ப்பாள்.
அடக்கிக்கொள்வாள்.
மேலே வந்து நான் கோட்டைக் கழற்றும் நேரம்
சோபாவுக்குப் பின்னால் அந்த மெல்லிய சத்தம்.
திட்டவில்லை. வினிகர் புட்டியை எடுத்தேன்.
ஒரு நொடி கத்தியதற்கு
இன்னும் எத்தனை நாள் வட்டி?

நான்காம் நாள்
முதுகைக் காட்டி நின்று பார்த்தேன்.
தகரக் கூரையடியில் டோமினோ ஆடுகிற கூட்டம்,
"என்ன மக்வாலா, சுவரோடு சண்டையா?"
சொன்னேன்.
வாஜா சிரித்தார், மற்றவர்களும்.
ஓத்தார் சிரிக்கவில்லை.
போன மாதம்தான் ஆஸ்பத்திரியில்
ரப்பர் குழாயோடு படுத்திருந்தவர்.
"யாராவது பார்த்தால் வராதுதான்" என்று
கட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு
நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பினார்.
ஒவ்வொருவராக மற்றவர்களும்.
ஐந்து தடித்த கழுத்துகள், ஐந்து கம்பளித் தொப்பிகள்
துருப்பிடித்த கராஜ் கதவைப் பார்த்தபடி
சர்ச்சில் நிற்கிற பவ்யத்தோடு.

காற்று.
யாரோ இருமலை விழுங்கினார்கள்.
பிறகு கேட்டது,
பழைய பனியில் சூடான நீர் துளையிடும் ஓசை.
நீளமாய், மிக நீளமாய்,
பேருந்து நிறுத்தத்திலிருந்தே அடக்கி வைத்திருந்தாளோ என்னவோ.
கை தட்டப் போன ஜெமாலை
ஓத்தார் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.
பாலாடைக்கட்டித் துண்டைத்
திரும்பாமலே பின்னால் நீட்டினேன்.
விரலில் ஈர மூக்கு பட்டது.

மறுநாள் காலை ஃபிரிட்ஜ் அருகே ஒரு குட்டை.
அடுத்த நாள் இல்லை.
அதற்கடுத்த நாள் இருந்தது, சின்னதாக.

இப்போதெல்லாம் விடியுமுன்
கதவில் ஒரு நகம் கீறும்,
ஒரே ஒரு தடவை,
கடன் கேட்க வந்தவர் தட்டுவதுபோல.
கோட்டை மாட்டுகிறேன். காலணி இடம் வலம் மாறுகிறது.
லிஃப்ட் எங்கோ மூன்றாம் மாடியில் நிற்கிறது.
பையில் தெத்ரி துழாவுகிறேன்,
சாவி வருகிறது, பேருந்துச் சீட்டு வருகிறது,
யாருடையதோ ஒரு மாதிரிப் பல் வருகிறது.
பின்னங்கால்களை நெருக்கி வைத்துக்கொண்டு
என் கையையே பார்த்தபடி
காத்திருக்கிறாள்,
என்னைத் திட்டாமல்.